கையால் தேடிய கசிவு

எங்கள் கடைக்கு வண்டி வராது. வண்டியிலிருந்து கழற்றிய, ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ்தான் வரும். சாக்கில் சுற்றி, ஆயில் வடிய வடிய, பஸ்ஸில் காலடியில் போட்டுக்கொண்டு வருவார்கள். கண்டக்டரிடம் திட்டு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டேதான் கடைப்படி ஏறுவார்கள். வெடித்த ஹோஸை அளந்து, அதே நீளத்துக்குப் புது ஹோஸ் வெட்டி, இரண்டு முனையிலும் வண்டியில் மாட்டுவதற்கான இரும்பு ஃபிட்டிங் செருகி, மெஷினில் அழுத்திக் கொடுத்தால் எங்கள் வேலை முடிந்தது.

பாபநாசத்தில், தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையை ஒட்டி அந்தக் கடையைத் தொடங்கியவர் என் கணவர் அந்தோணி. மண் அள்ளும் வண்டிகள் டெல்டாவுக்குள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. முன்பக்கம் அகலமான பக்கெட், பின்பக்கம் மடங்கி நீளும் இரும்புக் கை, அதன் நுனியில் இன்னொரு சின்ன பக்கெட். பேக்ஹோ லோடர் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்; 'வண்டி' என்றாலே அதுதான். ரோடு அகலப்படுத்த, ஆறு தூர் வார, முத்துப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வெட்ட, எல்லாவற்றுக்கும் வண்டி தேவைப்பட்டது. வாங்குகிறவர்களைத் தேடி வந்து கடன் கொடுத்தார்கள். ஆனால் வண்டிகள் பெருகப் பெருக, அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தோணியும் ஏறினார். மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹைட்ராலிக் மெக்கானிக் வேலை.

கடையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அவர் வீட்டில் பேச்சு. நான்தான் வேண்டாம் என்றேன். மதியச் சாப்பாடு கொண்டுபோன சாக்கில் மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்து, எந்த ஹோஸுக்கு எந்த ஃபிட்டிங், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்திருந்தது. அவரும் யோசித்துவிட்டு, "சரி ஜெசிந்தா, நீயே பாரு. தெரியாததைத் தெரியும்னு மட்டும் சொல்லாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வந்த முதல் வாடிக்கையாளர் என்னைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் இல்லீங்களா?"

"மஸ்கட் போயிருக்காருங்க."

"அப்ப ஹோஸ் யாரு அடிப்பா?"

"நான்தாங்க."

அவர் ஹோஸைக் கீழே வைக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கும்பகோணம் வரை போக அவருக்கு நேரமில்லை போலிருந்தது. "சரி, அடிங்க. வெடிச்சா திரும்ப வருவேன்," என்றார். அவர் திரும்ப வரத்தான் செய்தார், இன்னொரு வண்டியின் ஹோஸோடு.

காலையில் வெடிக்கும், மத்தியானம் சோரும்

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஹோஸ் எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தால், வண்டிக்கு என்ன கோளாறு என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேல்ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பி தெரிந்தால், எங்கேயோ இரும்பில் உரசுகிறது. ரப்பர் காய்ந்து வெடிப்பு வெடிப்பாக இருந்தால், ஆயில் அளவுக்கு மேல் சூடாகிறது. ஃபிட்டிங் கழன்று வந்தால், அடித்தவர் சரியாக அடிக்கவில்லை. நடுவில் கிழிந்து வாய் பிளந்திருந்தால், தாங்க முடியாத பிரஷர் வந்திருக்கிறது.

முருகையன் கொண்டுவந்த ஹோஸ் அந்தக் கடைசி ரகம். அவருக்கு நன்னிலம் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா, பாட்டன் எல்லோரும் பண்ணை வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவர் அவர். கோவிந்தராஜ் என்ற மிராசுதாரரின் வண்டிக்கு ஆபரேட்டர். பின்பக்க இரும்புக் கையின் அடிப்பாகத்துக்கு பூம் என்று பெயர். அதைத் தூக்கும் சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் வெடித்திருந்தது. புதிது அடித்துக் கொடுத்தேன். சில நாளில் அதே இடத்து ஹோஸ் திரும்ப வந்தது. நான் அடித்ததுதான். ஃபிட்டிங் அப்படியே கெட்டியாக இருந்தது, நடுவில் கிழிந்திருந்தது.

"முதலாளி கண்டபடி பேசுறாருக்கா," என்றார் முருகையன். "பொம்பளை அடிச்ச பைப்பு, அப்படித்தான் இருக்கும்கிறாரு."

கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "எப்ப வெடிச்சுது தம்பி? காலையிலயா, சாயங்காலமா?"

அவர் யோசித்தார். "காலையிலதாங்க்கா. ரெண்டு தடவையும் வேலையை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல. ஆனா மத்தியானத்துக்கு மேல பாருங்க, வண்டிக்குத் தெம்பே இருக்காது. பக்கெட்டு மண்ணுல இறங்காது. பூமைத் தூக்கி நிறுத்தினா தானா சாயும். பம்பு போச்சுன்னு ஒரு மெக்கானிக் வந்து பாத்தாரு. என்னவோ முறுக்கிவிட்டாரு. அப்பறம் காலையில செமத்தியா இழுக்குது."

"என்னத்த முறுக்கினாரு?"

"வால்வுக்கா. பேரு தெரியல."

போகும்போது மஸ்கட்டைப் பற்றிக் கேட்டார். அங்கே ஆபரேட்டருக்கு என்ன வேலை, தங்க இடம் தருவார்களா, வெயில் எப்படி. துபாய் வேலைக்கு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறாராம். மெட்ராஸில் டிரேட் டெஸ்ட் வைப்பார்களாம். வண்டியை ஓட்டிக் காட்டி, குழி வெட்டிக் காட்ட வேண்டும். "அதுல பாஸாயிட்டா வசந்தாவை நடவுக்கு அனுப்ப மாட்டேன்க்கா," என்றார். வசந்தா அவர் மனைவி.

வெள்ளிக்கிழமை அந்தோணிக்கு லீவு. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அன்றைக்குத்தான் போன் செய்வார். வீட்டு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு இதைச் சொன்னேன்.

"காலையில வெடிக்குது, மத்தியானம் சோருது. அப்படித்தானே?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார். "அப்ப ரெண்டு வியாதி இருக்கு. ஒண்ணு வண்டிக்கு வந்தது. இன்னொண்ணு மெக்கானிக் வச்சது. ரிலீஃப் வால்வை முறுக்கியிருப்பான்."

புதிதாகப் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். பம்பு ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கெட் பாறையில் முட்டி நின்றுவிட்டால் ஆயிலுக்குப் போக இடமில்லை, பிரஷர் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஏறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திரும்பவும் டேங்குக்கே அனுப்பிவிடும். அந்த அளவைக் கம்பெனி நிர்ணயித்திருக்கும். வால்வை முறுக்கினால் அளவு கூடும். வண்டிக்குப் பலம் வந்ததுபோல் இருக்கும். அந்தப் பலத்தைத் தாங்க வேண்டியது ஹோஸ்.

"பிரஷர் பாக்கற கேஜ் அலமாரியில இருக்கு," என்றார் அந்தோணி. "அதை மாட்டிப் பாக்காம யாரும் எதையும் திருகக் கூடாதுன்னு சொல்லு. நீ ஹோஸ் அடிக்கிறதோட நிறுத்திக்கிறதுன்னா நிறுத்திக்க. ஆனா அடுத்த ஹோஸும் வெடிக்கும்."

ஆற்றங்கரையில்

அடுத்த ஹோஸும் வெடித்தது. இந்தத் தடவை கோவிந்தராஜே ஜீப்பில் வந்தார். உயரமான மனிதர். மேட்டூர் திறந்தாகிவிட்டது, தண்ணீர் வருவதற்குள் அவர் எடுத்திருந்த தூர் வாரும் வேலை முடிந்தாக வேண்டும். கடைமடைக்குப் போகும் கடைசித் துண்டு மட்டும் பாக்கி.

"நானே வந்து மாட்டுறேன் சார். கேஜும் எடுத்துட்டு வர்றேன்," என்றேன்.

"நீங்க பைப்பை அடிங்கம்மா. வண்டியை மெக்கானிக் பாத்துக்குவாரு."

"பைப்பு மேல குத்தம்னு சொன்னீங்களாம். அப்ப நான் வந்து பாக்கத்தானே வேணும்?"

அவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் புடவையோடு ஏறி உட்கார்ந்தேன். கடையை விட்டு வேலைக்காக நான் போன முதல் நாள் அது.

ஆற்றின் வண்டல் கரையில் வண்டி நின்றது. முருகையனும் நானும் புது ஹோஸை மாட்டினோம். கேஜை மாட்டிவிட்டு, பக்கெட்டை முழுக்க மடக்கி லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி முருகையனிடம் சொன்னேன். முள் ஏறிக்கொண்டே போனது. கம்பெனி சொன்ன அளவைத் தாண்டியும் நிற்கவில்லை. "போதும், விடுங்க!" என்று கத்தினேன்.

கோவிந்தராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். வால்வைப் பழைய அளவுக்குக் குறைக்க வேண்டும், அதற்கு முன் ஒரு அடி மண்கூட வெட்டக் கூடாது என்றேன்.

"கொறைச்சா மத்தியானம் பக்கெட்டு இறங்காதும்மா."

"அதுக்குக் காரணம் வேற சார். அதையும் தேடணும்."

"தேடுங்க. யாரு வேணாங்கறா? தண்ணி கல்லணைக்கு வந்தாச்சு. இந்தத் துண்டை முடிச்சிட்டுத் தேடுங்க."

நாங்கள் கரைமேல் நின்று இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். முருகையனுக்கு முதலாளியும் நானும் சண்டை போடுவது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். வேலையைத் தொடர்வதுபோல் ஒரு பக்கெட் சேறு அள்ளி பூமை மேலே தூக்கினார். பூம் அடியில் ஆயில் புகைபோல் பூத்துக்கொண்டிருந்தது. சொட்டு எதுவும் விழவில்லை. எங்கோ கசிகிறது. எஞ்சினை நிறுத்தாமல், பூமை இறக்காமல், அப்படியே கீழே குதித்து, ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனார். அந்தக் காலத்தில் எல்லா ஆபரேட்டரும் கசிவை அப்படித்தான் தேடுவார்கள். அவர் கை வைத்தது நான் அடித்த ஹோஸில் இல்லை. பக்கத்தில் இருந்த பழைய ஹோஸில், வண்டியோடு வந்தது.

"அக்கா, கண்டுபுடிச்சிட்டேன். இங்கதான்..." என்றவர், "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

ஓடிப்போனேன். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ஹோஸ் கம்பி குத்திடுச்சு போல."

வலது கை ஆள்காட்டி விரல். நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி. இரத்தம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கம்பி குத்தினால் இரத்தம் வரும்.

அந்தோணி முதல் லீவில் வந்தபோது ஒன்று சொல்லியிருந்தார். அவரோடு வேலை பார்த்த பெஷாவர்க்காரர் ஒருவருக்கு இதேபோல ஹோஸ் ஓட்டையிலிருந்து ஆயில் பீய்ச்சி விரலுக்குள் ஏறிவிட்டது. வலி இல்லை என்று சிரித்துவிட்டு, அன்றைய வேலையை முடித்துவிட்டு, அறைக்குப் போய்த் தூங்கிவிட்டார். விடிந்தபோது கை தூண்போல் வீங்கியிருந்தது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். பிரஷரில் வரும் ஆயில் ஊசி மாதிரி தோலைத் துளைத்துவிடும். உள்ளே போனால் சதைக்கும் நரம்புக்கும் இடையில் பரவி எல்லாவற்றையும் அழுகச் செய்யும். இதைச் சொல்லும்போது அந்தோணி தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டிமேல் ஏறினேன். பூமை மெதுவாகத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டேன்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?" என்று கோவிந்தராஜ் கரையிலிருந்து இறங்கி வந்தார்.

"முருகையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். இப்பவே. உங்க ஜீப்பு வேணும்."

"இந்தப் புள்ளிக்கா? வயக்காட்டுல தெனமும் முள்ளு குத்துது. மஞ்சளைத் தடவிட்டு வேலையைப் பாக்கறாங்க."

"முள்ளு இல்ல சார். ஆயில் உள்ள போயிருக்கு."

முருகையன் குறுக்கே வந்தார். "அக்கா, வலிக்கவே இல்லக்கா. சும்மா விடுங்க. அடுத்த வாரம் டிரேட் டெஸ்ட். கையில கட்டோட போய் நின்னேன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுவான்." குரலில் கெஞ்சல் இருந்தது. முதலாளி காதில் துபாய் விஷயம் விழுந்துவிட்டது என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வலிக்காததுதான் தம்பி எனக்கு பயமா இருக்கு."

"சாவியைக் கொடுங்கம்மா," என்றார் கோவிந்தராஜ்.

"தர மாட்டேன் சார். டாக்டர் இந்தக் கையைப் பாத்ததுக்கு அப்பறம் தர்றேன். ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டா, நீங்க கடை வாசல்ல வந்து நின்னு என்ன வேணா பேசுங்க. வாங்கிக்கிறேன்."

டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன ஆவேன் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கோவிந்தராஜ் முருகையனின் கையை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். அதற்குள் விரல் நுனி வெளிறியிருந்தது. கீழே உப்பத் தொடங்கியிருந்தது. அழுத்திப் பார்த்தார். "தெரியுதாடா?" என்றார்.

முருகையன் தலையை அசைத்தார். "இல்ல முதலாளி. மரத்த மாதிரி இருக்கு."

கோவிந்தராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

தஞ்சாவூரில்

வழியில் ஒரு சின்ன கிளினிக்கில் நிறுத்தினோம். அங்கே இருந்த டாக்டருக்கு வயது குறைவு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இப்படி ஒரு கேஸ் பாத்ததில்லம்மா. ஆனா நீங்க சொல்றது சரியா இருந்தா இங்க நின்னுகிட்டிருக்கக் கூடாது. தஞ்சாவூர் போங்க, நான் அங்க போன் பண்ணிச் சொல்றேன்," என்றார். இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். தெரியாது என்று சொல்வதற்கு அவர் கூச்சப்படவில்லை.

ஜீப் போகப் போக வலி வந்தது. முருகையன் முதலில் பேசிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு நின்றது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். பாபநாசத்தைத் தாண்டும்போது எங்கள் கடை ஜன்னலில் தெரிந்து மறைந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் காத்திருந்தார். அவர் என்னிடம்தான் கேட்டார். "என்ன ஆயில்? எவ்வளவு பிரஷர்? குத்தி எவ்வளவு நேரம் ஆச்சு?" சொன்னேன். கேஜில் முள் எதுவரை ஏறியது என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

விரலிலிருந்து உள்ளங்கை வரை திறந்து கழுவினார்கள். சாயங்காலம் வசந்தா வந்து சேர்ந்தாள். நாற்றங்காலிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது. "விரல்ல ஊசி குத்தினதுக்கு ஏன்க்கா கையைக் கிழிச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை.

சர்ஜன் வெளியே வந்து, "கையைக் காப்பாத்தப் பாக்கறோம். விரலை இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். சில நாள் கழித்து விரலின் மேல்பாதி கறுத்தது. இரண்டு கணு எடுத்துவிட்டார்கள். மற்ற நான்கு விரலும் உள்ளங்கையும் தப்பின.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசித் துண்டு தூர் வாராமலே கிடந்தது. கடைமடைக்காரர்கள் கோவிந்தராஜ் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டார்கள். கடைசியில் முருகையனின் தெருக்காரர்களே மண்வெட்டியோடு இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வெட்டிவிட்டார்கள். அங்கே தண்ணீர் போய்ச் சேரத் தாமதமானது. ஹோஸ் கடைப் பொம்பளை சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனதால் வந்த வினை என்று கொஞ்ச நாள் நன்னிலம் வட்டாரத்தில் என் பெயர் அடிபட்டது.

உமி

அதன் பிறகு கோவிந்தராஜ் வண்டியை லாரியில் ஏற்றி எங்கள் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். "நீங்களே பாத்துடுங்கம்மா. எத்தனை நாள் ஆனாலும் சரி," என்றார். கடை வாசலில் வந்து நின்ற முதல் வண்டி அதுதான்.

மத்தியானச் சோர்வுக்குக் காரணம் தேட வேண்டும். அந்தோணியிடம் போனில் பேசிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். ஆயில் சூடாகிறதா என்றார். ஆகிறது, டேங்கில் கை வைக்க முடியவில்லை. அப்படியானால் கூலரைப் பார் என்றார். ஆயில் கூலர் என்பது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் தகட்டுப் பெட்டி. காற்று அதன் இடுக்குகளில் புகுந்து ஆயிலைக் குளிர வைக்கும். முன்மூடியைக் கழற்றினேன். தகடே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் அடை மாதிரி ஒன்று அப்பிக்கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கிளறினால் கட்டிகட்டியாக உதிர்ந்தது. நெல் உமி.

"ஆத்து வேலை இல்லாதப்ப வண்டி எங்க சார் ஓடும்?" என்று கோவிந்தராஜிடம் கேட்டேன்.

"ரைஸ் மில்லுல. உமி தள்ளி லாரியில ஏத்தறதுக்கு," என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

உமித் தூசி ஆயில் பிசுக்கில் ஒட்டி, கூலரை அடைத்திருந்தது. ஆயில் குளிரவில்லை. சூடேறிய ஆயில் தண்ணீர்போல் நீர்த்து, பம்பிலும், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலிலும் இருந்த இடுக்குகளில் நழுவியது. அதனால் மத்தியானத்துக்கு மேல் தெம்பு இல்லை. தெம்பு இல்லை என்று வால்வை முறுக்கினார்கள். காலையில், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது, அந்த முறுக்கு முழுசாக வேலை செய்தது. புது ஹோஸ் வெடித்தது. பழைய ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தது. கூலரைக் கழுவினேன். வால்வை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, கேஜில் கண் வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனி அளவுக்குக் குறைத்தேன். பழைய ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். வண்டி மாலை வரை ஒரே சீராக ஓடியது. கோவிந்தராஜ் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா போதும், இல்லையாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன்.

முருகையனின் கேள்வி

டிரேட் டெஸ்ட் நடந்தபோது முருகையன் வார்டில் படுத்திருந்தார். அந்த வாய்ப்பு போய்விட்டது. ஏஜெண்ட் வேறு ஆளை அனுப்பிவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள், கோவிந்தராஜ் அனுப்பி, சீல் கிட் வாங்க வந்தார். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எப்படி இருக்கிறது கை என்று கேட்டேன். கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினார்.

"குத்தினது ஊசி முனை அளவு. வெட்டினது விரலு. நீங்க சும்மா விட்டிருந்தீங்கன்னா ரெண்டு நாள் வலிச்சிட்டுப் போயிருக்கும். இந்நேரம் நான் துபாய்ல வண்டி ஓட்டிக்கிட்டிருப்பேன். ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

சொல்ல நிறைய இருந்தது. பெஷாவர்க்காரர் கதை இருந்தது. கேஜ் காட்டிய அளவு இருந்தது. ஆனால் அவர் முன்னால் பாதி விரல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாதாட முடியவில்லை. சீல் கிட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அந்தோணியிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர், "நடக்காததுக்கு நீ எப்படி சாட்சி சொல்லுவ?" என்றார்.

அதை நான் பல நாள் யோசித்தேன். ஹோஸ் வெடித்தால் எல்லோரும் பார்க்கிறார்கள். கூலரைக் கழுவியதால் வெடிக்காமல் போன ஹோஸை யாரும் பார்ப்பதில்லை. வண்டிக்கே அப்படி என்றால் மனிதர்களுக்குக் கேட்க வேண்டுமா? முருகையன் சொன்னதுபோலவே இரண்டு நாள் வலித்துவிட்டுப் போயிருக்குமோ என்ற நினைப்பும் சில சமயம் வந்தது. அப்படி இருந்திருக்காது என்று அறிவுக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை.

அறுவடை முடிந்த சமயம் வசந்தா தனியாகக் கடைக்கு வந்தாள். தஞ்சாவூர் போகிற வழியில் இறங்கியிருந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாள்.

"அவரு இங்க வந்து பேசினது எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "அதுக்கு சமாதானம் சொல்ல வரல. விரலு போனது அவருக்குத்தானே. அவரு பேசத்தான் செய்வாரு."

"பேசட்டும்மா. நான் ஒண்ணும் நெனைக்கல."

"இல்லக்கா, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு இருந்தாரு. மில்லு பெல்ட்டுல மாட்டி, வலது கையே இல்ல. அவரு பொண்டாட்டிதான் ஊட்டிவிடும். ஒவ்வொரு வாய்க்கும் அந்த ஆளு கண்ணை மூடிக்குவாரு." டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "எங்க வீட்டுல தெனமும் சோறு போடறவ நான். மிச்ச விரலை வச்சு அவரே பெசஞ்சு சாப்புடறாரு. சாப்புடறவங்க கையைப் பாக்க மாட்டாங்கக்கா. நான் பாக்கறேன்."

பஸ் வந்தது. போய்விட்டாள்.

முருகையன் துபாய் போகவில்லை. மறு வருஷமே திரும்பவும் வண்டி ஏறினார். நடுவிரலால் லீவரைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். பிறகு கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டினார். என்னோடு அவர் பழையபடி பேச வருஷங்கள் ஆயின. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். கசிவைத் தேடும் முன் எஞ்சினை நிறுத்துங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள். லீவர்களை அசைத்து உள்ளே நிற்கும் பிரஷரை விடுங்கள். ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒரு அட்டைத்துண்டைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அதில் ஆயில் படியும். ஆயில் குத்தினால், வலிக்காவிட்டாலும், இரத்தம் வராவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். தெம்பு குறைந்த வண்டியை முறுக்கிவிடாதீர்கள். தெம்பு எங்கே போகிறது என்று தேடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு உங்களுக்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். சிலர் திட்டவும் செய்வார்கள். அவர்கள் திட்டும்போது அவர்களுடைய கைகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல வேண்டாம்.